மூன்றாம் நாள் பழம்

போன வாரம் கிள்ளானுக்குப் போகிற வழியில் ஒரு லோரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன். நான் ஓட்டவில்லை. கண்ணில் அறுவைச் சிகிச்சை ஆனதிலிருந்து வாடகைக் கார்தான். லோரி நிறைய, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகள். சாலை குலுங்கும் இடத்திலெல்லாம் நாலைந்து பழம் உருண்டு விழுந்து சக்கரத்தில் நசுங்கியது. ஏற்றியிருந்த கண்ணாடியையும் மீறி அந்த வாசனை உள்ளே வந்துவிட்டது.

“சோரி ஆன்டி, ரொம்ப நாறுது லா. முந்திப் போயிடவா?” என்றார் ஓட்டுநர்.

“வேணாம்பா, கொஞ்ச தூரம் இது பின்னாடியே போங்க” என்றேன். அவர் கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்தார். வயசான காலத்தில் சிலருக்கு இப்படி ஏதாவது ஆகும் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும்.

என்ன வாசனை அது என்று கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. கழுவாத எண்ணெய்ச் சட்டியும் புளித்த பழமும் ஒன்றாகக் கலந்த மாதிரி. எழுபதுகளின் கடைசியிலிருந்து பல வருஷம் அந்த வாசனையோடுதான் நான் வீட்டுக்குப் போனேன். வீடு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே குவாட்டர்ஸ். அப்பாவுக்குச் சிக்னல் வேலை. எதிர்ச் சாரியில் பூக்கடை, ஊதுபத்தி, அரைத்த மசாலா என்று தெருவே மணக்கும். அதற்கு நடுவில் நான் வருவேன். அம்மா வாசலிலேயே நிறுத்திவிடுவார். “கால் கழுவிட்டு வா, தலையும் குளிச்சிட்டு வா, அந்தப் பையை உள்ள கொண்டாராத!” பக்கத்து வீட்டு ஆன்டி நான் ஏதோ சவர்க்காரத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன் என்றே கடைசிவரை நம்பிக்கொண்டிருந்தார். உயிர்வேதியியல் என்றால் என்னவென்று அப்பாவிடம் யாராவது கேட்டால், “பழத்துல என்னமோ பாக்குறா, நல்ல வேலைதான்” என்பார். என் முப்பது வருஷ ஆராய்ச்சியை அதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

பழத்தில் நான் பார்த்தது இதைத்தான். செம்பனைப் பழத்தின் சதையிலேயே ஒரு நொதி இருக்கிறது. பழம் மரத்தில் இருக்கும்வரை அது சும்மா கிடக்கும். பழம் உதிர்ந்து, அடிபட்டு, நசுங்கியதோ இல்லையோ, எண்ணெயைப் பிய்த்து அமிலமாக்க ஆரம்பித்துவிடும். அமிலம் ஏறினால் எண்ணெய்க்கு மதிப்பில்லை. ஆகவே உதிர்ந்த பழத்தை எத்தனை நாளைக்குள் ஆலைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது எல்லாருக்கும் வேண்டிய கேள்வி. ஆய்வுக்கூடத்தில் நான் புதிதாகச் சேர்ந்தபோது அந்தக் கேள்வியை என் தலையில் கட்டினார்கள்.

கட்டியவர் எங்கள் பகுதித் தலைவர் டாக்டர் பொன்னுசாமி. எல்லார் முன்னாலும் ஆங்கிலம், கோப்புகளில் மலாய். தமிழில் பேசினார் என்றால் ஏதோ ஆபத்து என்று அர்த்தம். கதவைச் சாத்திவிட்டுத் தமிழில் பேசினால் பெரிய ஆபத்து. நல்ல மனிதர். கோபம் மட்டும் மூக்கு நுனியில் இருக்கும்.

பழத்துக்காக நான் போனது கேரி தீவு. கிள்ளான் வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ், அப்புறம் ஆற்றைக் கடந்து தோட்டத்து லோரியில் தொற்றிக்கொண்டு போக வேண்டும். கையில் ஐஸ் பெட்டி. அங்கேதான் லெட்சுமி அக்கா. என்னைவிட நாலைந்து வயசு மூத்தவர். குலை வெட்டும்போது சிதறும் உதிரிப் பழங்களைப் பொறுக்கிக் கோணியில் கட்டுவது அவர் வேலை. முதல் நாள் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியார் என்னை “டாக்டரம்மா” என்று அறிமுகப்படுத்திவிட்டார். அடுத்த முறை போனபோது தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் நாலு பேர் வரிசையாக நிற்கிறார்கள். ஒருவருக்கு முழங்கால் வலி, ஒரு குழந்தைக்குச் சிரங்கு. நான் பழத்துக்குத்தான் டாக்டர், அந்தப் பட்டமே இன்னும் வரவில்லை என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் வியர்த்துவிட்டது. லெட்சுமி அக்கா மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார். “சரி சரி, மொதல்ல பசியாறுங்க டாக்டரம்மா, அப்புறம் பழத்துக்கு ஊசி போடலாம்” என்றார். அன்றிலிருந்து அவர் எனக்கு அக்கா.

சோதனை எளிமையானதுதான். நான் ஞாயிற்றுக்கிழமை போய் ஒரு மரத்தடியில் மூன்று குச்சி நடுவேன். ஒன்றில் சிவப்புத் துணி, ஒன்றில் மஞ்சள், ஒன்றில் வெள்ளை. ஞாயிற்றுக்கிழமை உதிர்ந்த பழத்தைச் சிவப்புக் குச்சியடியில் குவித்துவிட்டு வந்துவிடுவேன். திங்கட்கிழமைப் பழத்தை லெட்சுமி அக்கா மஞ்சளடியிலும், செவ்வாய்க்கிழமைப் பழத்தை வெள்ளையடியிலும் குவிக்க வேண்டும். புதன்கிழமை நான் போனால் மூன்று நாள் கிடந்த பழம், இரண்டு நாள் பழம், ஒரு நாள் பழம் எல்லாம் தயாராக இருக்கும். அன்று காலைப் புதுப் பழத்தையும் சேர்த்து ஐஸ் பெட்டியில் போட்டுக்கொண்டு ஓடி வந்துவிடலாம். அங்கேயே தங்கிக் காவல் இருந்திருக்கலாம்தான். ஆனால் கல்யாணமாகாத பெண் தோட்டத்தில் ராத்தங்குவதா என்று அம்மா கேட்ட கேள்விக்கு என்னிடம் விஞ்ஞானபூர்வமான பதில் இல்லை.

புதன்கிழமை போனால் மூன்று குவியலும் பைகளில் கட்டித் தயாராக இருக்கும். பைக் கழுத்தில் அந்தந்த நிறத் துணி. என்ன பொறுப்பான மனுஷி என்று பூரித்துப்போவேன்.

ஆய்வுக்கூடத்தில் பழத்தைப் பிழிந்து எண்ணெய் எடுத்து, சாராயத்தில் கரைத்து, மேலேயிருந்து காரத்தைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். அமிலம் தீர்ந்த அந்த நொடியில் குடுவை இளஞ்சிவப்பாகும். எத்தனை சொட்டு விட்டோமோ அவ்வளவு அமிலம். புதுப் பழத்துக்குச் சில சொட்டிலேயே நிறம் வந்துவிட்டது. ஒரு நாள் பழத்துக்கும் அப்படியே. மூன்று நாள் பழத்துக்கும், நம்பினால் நம்புங்கள், அப்படியே! கெடவே இல்லை. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அடுத்த மாதம் மறுபடி செய்தேன். அதே விடை. மழைக்காலத்தில் செய்தேன், வெயிலில் செய்தேன். படம் வரைந்தால் அடிமட்டம் வைத்து இழுத்த மாதிரி ஒரே நேர்கோடு. இவ்வளவு நேரான கோடு இயற்கையில் எங்கேயாவது உண்டா என்று ஒரு நிமிஷம் நான் யோசித்திருக்க வேண்டும். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பார்களே, நான் பிடித்த முயலுக்குக் காலே இல்லை, அதுவும் எனக்கு உறைக்கவில்லை. தீவுப் பழத்தில் அந்த நொதியை அடக்கிவைக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது என்று நானே ஒரு காரணமும் கற்பித்து, டாக்டர் பொன்னுசாமியின் பெயரையும் சேர்த்து, வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பினேன். போட்டுவிட்டார்கள்.

இப்போதுள்ள பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொன்னால் சிரிப்பார்கள். உன் கட்டுரையை உலகத்தில் யார் மதிக்கிறார்கள் என்பதற்கு இன்று கணினி கணக்குச் சொல்கிறது. அன்று எங்களுக்கு அட்டை வரும். தபாலட்டை. ஆய்விதழ் வாங்க வசதியில்லாத ஊர்களிலிருந்து, “உங்கள் கட்டுரையின் பிரதி ஒன்றை அன்புகூர்ந்து அனுப்ப முடியுமா?” என்று எழுதுவார்கள். பதிப்பாளர் நமக்கென்று அச்சடித்துத் தந்த பிரதிகளிலிருந்து ஒன்றை உறையில் போட்டு அனுப்ப வேண்டும். அதுதான் வழக்கம். அனுப்பாதவரை மனுஷராகவே மதிக்கமாட்டார்கள். எனக்குக் கேரளத்திலிருந்து அட்டை வந்தது, ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, வரைபடத்தில் தேடிப் பார்க்க வேண்டிய ஊர்களிலிருந்தெல்லாம் வந்தது. அலுவலகத்தில் தபால் பிரிக்கும் மலாய்ப் பெரியவர் பாக்சிக் ஒஸ்மான் தினமும் காலையில் என் மேசைக்கு வந்து, “சூராத் சிந்தா லாகி, சிக்!” என்று அட்டைகளை விசிறி மாதிரி பிடித்துக் காட்டுவார். இன்னொரு காதல் கடிதம் என்று கேலி. கல்யாணமாகாத எனக்கு உலகம் பூராவும் இத்தனை காதலர்களா என்று கேன்டீனே சிரிக்கும். நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் எவ்வளவு கர்வம் என்று எனக்கல்லவா தெரியும்!

அந்தச் சமயத்தில் இரண்டு விஷயம் சேர்ந்து வந்தது. ஒன்று, பதவி உயர்வுக்கான நேர்முகம், அடுத்த மாதம். என் கையிலிருந்த ஒரே உருப்படியான சரக்கு அந்தக் கட்டுரைதான். இன்னொன்று, உள்நாட்டில் ஒரு தோட்டத்து மேனேஜரின் கடிதம். கட்டுரையைப் படித்தாராம், மிகவும் பயனுள்ளது, உதிரிப் பழத்துக்கு லோரி தினமும் சுற்ற வேண்டியதில்லை, அடுத்த மாதத்திலிருந்து மூன்று நாளைக்கு ஒரு முறை அனுப்பப்போகிறோம் என்று எழுதியிருந்தார். என் ஆராய்ச்சி காகிதத்தை விட்டிறங்கி லோரியில் ஏறிவிட்டது என்று நான் அந்தக் கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

இவ்வளவுக்கும் காரணமான லெட்சுமி அக்காவுக்கு ஒரு பிரதி கொடுக்காவிட்டால் பாவம் அல்லவா? ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டுரைப் பிரதியும், பிரிக்பீல்ட்ஸ் கடை வடையும், அவருக்கு ஒரு சேலையுமாகப் போனேன். லயத்து வாசலில் பாய் போட்டு உட்கார்ந்தோம். படத்தை விரித்து, “இதுதாங்க்கா நம்ம பழம். இந்தக் கோடு ஏறாம நேரா போகுது பாருங்க. மூணு நாள் கெடந்தும் பழம் கெடலைன்னு அர்த்தம்” என்று விளக்கினேன்.

அக்கா வடையை வாயருகே கொண்டுபோனவர் நிறுத்திவிட்டார். “மூணு நாளா? என்னா டாக்டரம்மா சொல்றீங்க? மூணு நாள் கெடந்தா அதை எலிகூட மோந்து பாக்காது. பூசணம் பூத்துப்போயி எறும்பு மொய்ச்சிக் கெடக்கும்.”

“நீங்கதானேக்கா கட்டிக் குடுத்தீங்க, சிவப்புத் துணிப் பை?”

“அதுவா? செவப்புக் குச்சிக்கிட்ட கெடந்ததைப் பாத்தா கொமட்டிக்கிட்டு வந்திச்சு. கோலாலம்பூர்லேருந்து பஸ் மாறி பஸ் மாறி வர்ற பிள்ளைக்கு அதையா அள்ளிக் குடுக்கறது? அத தூக்கி வீசிட்டு, அன்னிக்கிக் காலையில உதுந்த பழமா நல்லதாப் பொறுக்கி, கழுவித் தொடச்சி வச்சேன். மூணு பைக்கும்தான்.” அவர் முகத்தில் பெருமைகூட இருந்தது. “ஒரு தடவகூடத் தவறுனதில்ல!”

அதனால்தான் கோடு அத்தனை நேர். மழையிலும் வெயிலிலும் ஒரே விடை வந்ததற்குக் காரணம் நொதியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. வந்தவருக்கு நல்லதைத்தான் கொடுக்க வேண்டும் என்ற ஒரு மனுஷியின் பண்பு. நான் நாலு பையிலும் ஒரே பழத்தைக் கொண்டுபோய் நாலு விதமாக அளந்திருக்கிறேன். அழுகியதுதான் எனக்கு வேண்டும் என்று ஒரு வார்த்தை நான் அவரிடம் சொன்னதில்லை. சொல்லாமலே தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

நான் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அக்கா பயந்துவிட்டார். மேனேஜரின் கடிதத்தைப் பற்றி அப்போதுதான் சொன்னேன். அக்கா மெதுவாகச் சொன்னார்: “மூணு நாளைக்கு ஒரு லோரின்னா அந்தத் தோட்டத்துப் பொம்பளைங்க பாடு ரொம்ப சுசா, கஷ்டந்தாம்மா. மில்லுல புளிப்பு ஏறிப்போச்சுன்னா மொதல்ல எங்களத்தான் புடிப்பாங்க. நேத்து பொறுக்க வேண்டியத இன்னிக்கு பொறுக்குனியான்னு கேப்பாங்க. லோரிய யாரும் கேக்கமாட்டாங்க.”

திங்கட்கிழமை காலை டாக்டர் பொன்னுசாமியிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். தமிழ் வந்தது.

“பழத்து மேல ஒரு மைப்பொட்டு வச்சிருக்கக்கூடாதா? ஒரே ஒரு பொட்டு! மாத்துனா தெரிஞ்சிருக்கும்ல?”

“வைக்கலை சார்.”

“வேற யாருக்குத் தெரியும்?”

“லெட்சுமி அக்காவுக்குத் தெரியும்.”

“அந்தம்மா யாருகிட்ட போயி சொல்லப் போவுது?” என்றார். சொல்லிவிட்டு அவரே என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். “பேப்பர்ல என் பேரும் இருக்கு, ஞாபகம் இருக்கட்டும். சரி. மொதல்ல ஒழுங்கா திரும்பச் செய். தப்புன்னு தெரிஞ்சா திருத்தம் அனுப்பு. ஆனா இன்டர்வியூ முடியட்டும். ரெண்டு மாசத்துல ஒண்ணும் குடிமுழுகிப் போயிடாது.”

யாருடைய குடி என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. எனக்கு அவ்வளவு தைரியம் இல்லை.

அந்த வாரமே நாலு நாள் விடுப்புப் போட்டேன். அம்மா ஆரம்பித்தார். பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா தலையைத் தூக்காமல், “போகட்டும் விடு. தப்பா சிக்னல் போட்டது அவ, அவதான் போயி மாத்தணும்” என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது. பாசார் ஓரக் கடையில் இரண்டு குப்பி சிவப்பு நகப்பாலிஷ் வாங்கினேன். கடைக்காரப் பெண் எந்தக் கல்யாணத்துக்கு என்று கேட்டாள்.

நாலு நாளும் லெட்சுமி அக்கா வீட்டில்தான் தங்கினேன். ஒவ்வொரு பழத்துக்கும் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தோம். “எனக்குக்கூட இப்படி யாரும் நகத்துக்கு வச்சிவிட்டதில்ல” என்று அக்கா சிரித்தார். மிச்சமிருந்த பாலிஷை அவர் விரல்களுக்கே வைத்துவிட்டேன். வேலைக்குப் போகிற கை, இரண்டு நாள்கூட நிற்காது என்று இருவருக்கும் தெரியும். மூன்றாம் நாள் குவியல் அக்கா சொன்னபடியே பூத்து, எறும்பு ஏறி, தொட்டால் பிசுபிசுவென்று கிடந்தது. அதை அவர் கையாலேயே அள்ளிப் பையில் போடச் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போட்டார். எனக்கு அதைக் கொடுப்பது அவருக்கு உண்மையிலேயே வலித்தது.

ஆய்வுக்கூடத்தில் காரத்தைச் சொட்டவிட்டேன். நிறம் வரவில்லை. இன்னும் விட்டேன். நீளக் குழாய் முழுதும் காலியாகியும் இளஞ்சிவப்பு எட்டிப்பார்க்கவில்லை. மறுபடி நிரப்ப வேண்டியிருந்தது. பக்கத்தில் வந்து நின்ற டாக்டர் பொன்னுசாமி இரண்டாவது குழாய் பாதி இறங்கும்வரை பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் எழுத உட்கார்ந்தேன். நேர்முகம் முடியும்வரை பொறுக்கலாம் என்ற ஆசை எனக்கு இல்லை என்றால் அது பொய். நிறையவே இருந்தது. ஆனால் பேனாவை எடுத்தால், நான் பார்த்தேயிராத ஒரு தோட்டத்தில், நான் பார்த்தேயிராத ஒரு பெண்ணை மேற்பார்வை மண்டோர் நிற்க வைத்துத் திட்டுவதுதான் கண்ணில் வந்தது. முதலில் அந்த மேனேஜருக்கு எழுதினேன். அப்புறம் ஆய்விதழுக்குத் திருத்தம். மாதிரிகள் கட்டுரையில் சொன்னபடி எடுக்கப்படவில்லை, பிழை முதல் ஆசிரியருடையது, மூன்று நாளில் பழம் கெடுகிறது. கீழே டாக்டர் பொன்னுசாமி கையெழுத்துப் போட வேண்டும். அவர் பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். “பிழை முதல் ஆசிரியருடையது” என்பதை அடித்துவிட்டு “ஆசிரியர்களுடையது” என்று மாற்றிக் கையெழுத்துப் போட்டார். பிறகு ஆங்கிலத்துக்குத் திரும்பி, போய் வேலையைப் பார் என்றார். அந்த ஒரு திருத்தத்துக்காக அவருடைய எல்லாக் கோபத்தையும் நான் அன்றே மன்னித்துவிட்டேன்.

ஆய்விதழில் திருத்தம் வர மாதக்கணக்காகும். அதுவரை? என் மேசை இழுப்பறையில் அத்தனை அட்டைகளும் இருந்தன. ஒவ்வொன்றிலும் பெயர், முகவரி. என் தப்பு யார் யார் வீட்டுக்குப் போயிருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஒருவர் விடாமல் கையால் எழுதினேன். “நான் அனுப்பிய கட்டுரையை நம்ப வேண்டாம், மன்னிக்கவும்.” தபால்தலையை ஒட்டும்போது பாக்சிக் ஒஸ்மானும் கூட உட்கார்ந்து ஒட்டினார். அன்று அவர் கேலி பேசவில்லை.

நேர்முகத்தில், உங்கள் முக்கியமான கட்டுரை எது என்று கேட்டார்கள். நான் தப்பென்று சொல்லியிருக்கிற கட்டுரைதான் என்றேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த தடவை பார்க்கலாம் என்று கடிதம் வந்தது. வீட்டுக்கு வந்து பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அந்தப் பதவி இரண்டு வருஷம் கழித்துத்தான் கிடைத்தது. அதற்குப் பிறகு நான் செய்த எந்தச் சோதனையிலும், யாரிடம் பையை நீட்டினாலும், எனக்கு எது வேண்டும், ஏன் வேண்டும் என்று உட்கார்ந்து சொல்லிவிட்டுத்தான் நீட்டினேன். என் பெயரில் ஏதாவது நல்ல வேலை நிலைத்திருக்கிறது என்றால் அது அதனால்தான்.

அந்தத் தோட்டத்து மேனேஜர் ஒரே வரியில் பதில் போட்டார்: லோரி பழையபடி தினமும் ஓடும். அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் வெட்கம். அட்டை போட்டவர்களில் பாதிப் பேர் பதிலே எழுதவில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து ஒருவர் எழுதியதை மட்டும் மறக்க முடியாது. என் கட்டுரையைப் பார்த்து அவரும் சோதனை செய்தாராம். பழம் கெட்டதாம். உதவியாளர் ஒழுங்காக வேலை செய்யவில்லை என்று மூன்று மாதமாகத் திட்டிக்கொண்டிருந்தாராம். “உங்கள் அட்டையை அவரிடம் காட்டி மன்னிப்புக் கேட்டேன்” என்று முடித்திருந்தார். பெயர் தெரியாத அந்த உதவியாளர் என்னை எவ்வளவு சபித்திருப்பார்!

திருத்தத்தின் கடைசியில் நன்றி என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். உண்மையைச் சொன்னவர் என்று “லெட்சுமி அ/பெ மணியம்” பெயரைப் போட்டிருந்தேன். நம் ஊர் அடையாள அட்டையில் இருக்கிற மாதிரி; அ/பெ என்றால் மகள், மணியத்தின் மகள். இதழாசிரியர் கடிதம் எழுதிக் கேட்டார்: “லெட்சுமி அவர்களின் பெயருக்குப் பின்னால் இருப்பது எந்தப் பட்டம்?” டாக்டர் பொன்னுசாமி அன்று சிரித்த சிரிப்பை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை.

அச்சான பக்கத்தை எடுத்துக்கொண்டு தீவுக்குப் போனேன். இதுதான் உங்க பேரு என்று காட்டினேன். அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. எழுத்தின் மேல் விரலை வைத்து மெல்ல நகர்த்திப் பார்த்தார்.

“இதுல நான் பண்ண தப்பப் போட்டிருக்காங்களா?”

“இல்லக்கா. தப்பு பண்ணது நாங்கன்னு போட்டிருக்கு. உண்மையச் சொன்னது நீங்கன்னு போட்டிருக்கு.”

“நான் சும்மாதான சொன்னேன்” என்றார். கண் கலங்கிவிட்டது. எழுந்துபோய் முருகன் படத்துக்குப் பின்னால் அதைச் செருகிவைத்தார். எனக்குப் பிற்பாடு கிடைத்த எந்தப் பாராட்டுக்கும் அந்த மாதிரி ஓர் இடம் கிடைத்ததில்லை.

தொண்ணூறுகளில் அந்த லயத்தை இடித்துவிட்டார்கள். அக்கா கிள்ளான் பக்கம் பண்டமாரானில், துறைமுகத்தில் வேலை செய்யும் மகன் வீட்டுக்கு வந்துவிட்டார். அங்கேயும் போய்ப் பார்ப்பேன். “அந்தக் கடுதாசி வீடு மாத்துறப்ப எங்கயோ போச்சும்மா” என்று ஒவ்வொரு தடவையும் வருத்தப்படுவார். வேறொன்று எடுத்துத் தருகிறேன் என்று ஒவ்வொரு தடவையும் சொல்வேன். நாளைக்கு, நாளைக்கு என்று இருந்து, ஒரு நாள் அவர் மகன் செய்தி சொன்னபோது பூமாலையோடுதான் போனேன்.

அப்புறம்தான் எடுக்கப் போனேன், வெட்கம் கெட்டவள். என் இழுப்பறைப் பிரதி எப்போதோ கரையான் வாய்க்குப் போய்விட்டது. நூலகத்தில் தடித்தடியான அந்தப் பழைய தொகுதிகளே இல்லை. எல்லாம் கணினிக்கு ஏற்றியாயிற்று, புத்தகத்தைக் கழித்துவிட்டோம் என்றார்கள். தேடினேன். கட்டுரை இருக்கிறது. நேர்கோடும் இருக்கிறது, பளிச்சென்று. திருத்தம் இல்லை. அது இதழின் கடைசியில், விளம்பரங்களுக்கு நடுவில் வந்த பக்கம். விளம்பரப் பக்கங்களை ஏற்றவில்லையாம். அந்த நிறுவனத்துக்கு மூன்று முறை எழுதிவிட்டேன். நன்றி, பரிசீலிக்கிறோம் என்று ஏதோ இயந்திரம் பதில் போடுகிறது. இன்றும் யாரோ, எங்கேயோ, என் பெயரைச் சொல்லி, தீவுப் பழம் மூன்று நாள் கெடாது என்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள். எத்தனை பேர் என்று கணினி சொல்கிறது. அவர்கள் யார், எந்தத் தெரு, எந்த ஊர் என்று அதற்குத் தெரியாது. நான் யாருக்கென்று எழுதுவது?

அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். மூன்று நாள் கிடந்தால் பழம் கெட்டுத்தான் போகும். அதை எனக்குச் சொன்னவர் லெட்சுமி, மணியத்தின் மகள், கேரி தீவு.